பிறந்த வீட்டுக்குத் தாமதமாக வந்த காப்பி

எத்தியோப்பிய வீட்டில் காப்பி குடிக்க உட்கார்ந்தவர் ஒரு கோப்பையோடு எழுந்துவிட முடியாது. மூன்று சுற்று உண்டு. முதல் சுற்று 'அபொல்', அடுத்தது 'தோனா', கடைசி 'பரக்கா'. ஒரே பொடியில் மறுபடியும் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிடுவதால் மூன்றாவது சுற்று வெறும் நிறமும் வாசனையுமாக நீர்த்துப் போயிருக்கும். ஆனாலும் அதைக் குடிக்காமல் கிளம்புவது அந்த வீட்டின் ஆசியை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போவதற்குச் சமம். பரக்கா என்றால் ஆசி.

அது அரபுச் சொல். அபொலில் 'அவ்வல்' என்ற அரபுச் சொல்லையும், தோனாவில் இரண்டாவது என்று பொருள்படும் 'தானி'யையும் கேட்பவர்கள் உண்டு. காப்பி ஊற்றும் பிடியில்லாத சிறு கோப்பைக்கு 'சினி' என்று பெயர். சீனத்துப் பொருள் என்று அர்த்தம், அதுவும் வணிகர்களோடு வந்த சொல். அடிஸ் அபாபாவில் அம்ஹாரிக் பேசும், ஆண்டின் பாதி நாளுக்கு மேல் விரதம் காக்கும் பழைமையான கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றில், தேசியப் பானத்தைச் சுற்றி ஏன் இத்தனை அரபு? சுற்றுலாத் துண்டறிக்கைகள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆயிரமாயிரம் ஆண்டுப் பாரம்பரியம் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகின்றன. உண்மையில், அந்த வீட்டுக்காரரின் கொள்ளுத்தாத்தா காப்பியைத் தொட்டிருக்கவே மாட்டார்.

முதலில் சடங்கைப் பார்த்துவிடலாம். தரையில் புதிதாக அறுத்த புல்லைப் பரப்புவார்கள். வீட்டுப் பெண் ஒருத்தி தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து பச்சைக் காப்பிக்கொட்டையைக் கழுவி, கரி அடுப்பின்மேல் தட்டையான வாணலியில் வறுப்பாள். கொட்டை கறுத்துப் புகை எழும்பும்போது வாணலியைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் வருவாள். கையால் புகையைத் தம் பக்கம் தள்ளி முகர்ந்து, நன்றாக இருக்கிறது என்று சொல்வது மரியாதை. பக்கத்தில் சாம்பிராணி புகைந்துகொண்டிருக்கும். வறுத்ததை உரலில் இடித்து, உருண்ட வயிறும் நீண்ட கழுத்தும் கொண்ட 'ஜெபெனா' என்ற கறுத்த மண்குடுவையில் போட்டுக் கொதிக்க வைப்பாள். பிறகு நெருக்கமாக அடுக்கிய சினிகளின் மேல் குடுவையை உயரப் பிடித்து, தாரை அறுந்துவிடாமல் ஒன்றிலிருந்து ஒன்றாக ஊற்றிக்கொண்டே போவாள். சர்க்கரை உண்டு, சில ஊர்களில் உப்பு, சில ஊர்களில் வெண்ணெய். சிலர் 'தெனா ஆதாம்' என்ற செடியின் கொத்தை அதில் முக்குவார்கள். ஆதாமின் ஆரோக்கியம் என்று பொருள். நாம் அருவதா என்கிறோமே, அந்த இனம்தான். கொறிக்கச் சோளப்பொரி இருக்கும். எல்லாம் முடிய ஒரு மணி நேரமாவது ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் தெருவின் செய்திகள் எல்லாம் பரிமாறப்படுகின்றன. 'புன்னா தெத்து', காப்பி குடியுங்கள் என்று ஒருவர் அழைத்தால், வந்து உட்கார்ந்து பேசுங்கள் என்பதே அழைப்பு. புன்னா என்பது காப்பியின் அம்ஹாரிக் பெயர்.

அந்தப் பெயரிலிருந்தே கதையைத் தொடங்கலாம். காப்பி என்ற சொல் எத்தியோப்பியாவின் தென்மேற்கில் உள்ள கஃபா என்ற நிலப்பகுதியிலிருந்து வந்தது என்று பலரும் எழுதுகிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் கஃபாக்காரர்கள் தங்கள் மொழியில் அதை 'புனோ' என்கிறார்கள். 'கஹ்வா' என்ற அரபுச் சொல்லிலிருந்து துருக்கி வழியாக ஐரோப்பாவுக்குப் போனது காப்பி என்பதே மொழியறிஞர்களின் பொதுவான முடிவு. பெயரைப் பற்றி வழக்கு இருந்தாலும் செடியைப் பற்றி இல்லை. அராபிகா காப்பிச் செடி இரண்டு காட்டு இனங்கள் இயற்கையாகக் கலந்து பிறந்தது. அதன் தாய்நிலம் தென்மேற்கு எத்தியோப்பியாவின் மழைக்காடும், அதை ஒட்டிய தெற்கு சூடானின் போமா மேட்டுநிலமும். 1753இல் அதற்கு ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 'அராபிகா' என்று பெயர் வைத்தபோது, ஏமன் துறைமுகங்களிலிருந்து வந்ததால் அது அரேபியச் செடி என்று நினைத்துவிட்டார். பிறந்த ஊர் ஒன்று, பதிவேட்டில் எழுதிய ஊர் வேறு.

ஆடு மேய்த்த கால்டியின் கதையும் இப்படித்தான். ஆடுகள் சிவந்த பழத்தைத் தின்று துள்ளிக் குதித்தன, மேய்ப்பன் மடாலயத்துக்குப் பழத்தைக் கொண்டுபோனான், துறவிகள் இரவு முழுதும் விழித்து ஜெபித்தார்கள் என்ற கதை நாம் எல்லோரும் கேட்டது. இது முதலில் அச்சில் வந்தது 1671இல், ரோமில், ஃபவுஸ்துஸ் நைரோன் என்ற மாரோனியக் கிறிஸ்தவ அறிஞர் லத்தீனில் எழுதிய ஒரு சிறு நூலில். அதில் கால்டி என்ற பெயர் இல்லை; கதை நடப்பதும் செங்கடலுக்கு அக்கரையில், ஏமன் பக்கம். பெயரும் எத்தியோப்பிய முகவரியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. இன்று அடிஸ் அபாபாவில் கால்டியின் பெயரில் ஒரு காப்பிக்கடைச் சங்கிலியே இருக்கிறது. ஐரோப்பாவில் கட்டிய கதையை வாங்கிக் கடைப் பலகையில் மாட்டிக்கொண்டதைத் தவறென்று சொல்ல எனக்கு மனமில்லை. தொன்மங்கள் அப்படித்தான் ஊர் மாறுகின்றன.

கதையை விட்டுவிட்டு, யார் உண்மையில் காப்பியைப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்தால் மூன்று கூட்டத்தார் தெரிகிறார்கள். காடு முழுக்கக் காப்பி முளைத்துக் கிடந்த கஃபாவின் மக்கள் முதலாமவர். அடுத்து ஒரோமோ மக்கள். இவர்களில் சில பிரிவினர் காப்பிப் பழத்தைத் தோலோடு வெண்ணெயில் வறுத்து உண்பார்கள். 'புன்ன கலா' என்று அதற்குப் பெயர். பிறப்பு, சமாதானம், வேண்டுதல் என்று வாழ்வின் முக்கியத் தருணங்களில் எல்லாம் அது இருக்கும். 18ஆம் நூற்றாண்டில் அங்கே பயணம் செய்த ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் புரூஸ், ஒரோமோ வீரர்கள் காப்பிப் பொடியையும் வெண்ணெயையும் பிசைந்து பில்லியர்ட் பந்து அளவில் உருட்டித் தோல்பையில் கட்டிக்கொண்டு போருக்குப் போனதை எழுதியிருக்கிறார். மூன்றாமவர் கிழக்கே மதில் சூழ்ந்த ஹரார் நகரத்து முஸ்லிம்கள். அவர்கள் காப்பியைத் தோட்டமாகப் பயிரிட்டார்கள், கடல் கடந்து விற்றார்கள், அதன் இலையையும் தோலையும் கூடக் காய்ச்சிக் குடித்தார்கள்.

இந்த மூவருமே அன்றைய எத்தியோப்பியப் பேரரசுக்கு வெளியே இருந்தவர்கள். வடக்கு மேட்டுநிலத்துக் கிறிஸ்தவ அரசுக்குக் காப்பி என்பது அடுத்தவன் பானம். முஸ்லிம்கள் குடிப்பது, ஒரோமோக்கள் தங்கள் சடங்கில் படைப்பது, 'ஸார்' என்ற ஆவியை அழைத்துக் குறி கேட்பவர்கள் ஊற்றுவது. இந்தக் காரணங்களால் திருச்சபையினர் அதை விலக்கினார்கள். புகையிலைக்கும், வாயில் போட்டு மெல்லும் காத் இலைக்கும் இருந்த அதே விலக்கு. விதிவிலக்கு உண்டு. தானா ஏரிக்கரையில் ஸெகே தீபகற்பத்தின் மடாலயங்களைச் சுற்றிக் காப்பிக் காடு நெடுங்காலமாக நிற்கிறது. ஆனால் அது விலைக்குப் போன சரக்கு. கிறிஸ்தவ வீடுகளில் விருந்தினருக்கு ஊற்றிய பானம் காப்பி அல்ல; தேனில் ஊறிய 'தேஜ்'.

இதை மாற்றியது 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகள். ஷேவா நாட்டு அரசராக இருந்து 1889இல் பேரரசரான இரண்டாம் மெனெலிக், நிலம் பிடிப்பதற்குத் துப்பாக்கி வாங்கினார். துப்பாக்கிக்கு விலையாகத் தந்தம், பொன், புனுகு இவற்றோடு காப்பியையும் கொடுத்தார். அந்த வியாபாரத்தின் இரு முனைகளையும் ஒரே மனிதர் தொட்டிருக்கிறார் என்பது வரலாற்றின் வேடிக்கை. கவிதையை விட்டுவிட்டு வந்த பிரெஞ்சுக் கவிஞர் ஆர்தர் ராம்போ, 1880இன் இறுதியில் ஹராருக்கு வந்து ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்காகக் காப்பி கொள்முதல் செய்தார். சில ஆண்டுகள் கழித்து ஒட்டகங்களில் துப்பாக்கிகளை ஏற்றிக்கொண்டு மெனெலிக்கிடம் விற்கப் போனார். அவர் போய்ச் சேர்ந்த 1887ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் மெனெலிக்கின் படை ஹராரைப் பிடித்தது. பத்தாண்டு கழித்து, 1897இல், கஃபாவும் வீழ்ந்தது. அதன் கடைசி அரசர் காக்கி ஷெரோச்சோ மாதக்கணக்கில் காட்டில் எதிர்த்து நின்று, பிடிபட்டு, சிறையாளியாகக் கொண்டுபோகப்பட்டார். 1896இல் அத்வாவில் இத்தாலியரைத் தோற்கடித்து, அடிமைப்படாத ஆப்பிரிக்காவின் அடையாளமாக எத்தியோப்பியா உலகெங்கும் போற்றப்பட்டது. கஃபா வீழ்ந்தது அதற்கு மறு ஆண்டு.

வென்ற நிலங்களில் வடக்கத்திப் படைவீரர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களுக்கு 'நெஃப்தெனியா' என்று பெயர். துப்பாக்கிக்காரர் என்று பொருள். சம்பளத்துக்குப் பதிலாக உள்ளூர் உழவர்களின் விளைச்சலும் உழைப்பும் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. காப்பி விளையும் காடு இப்போது பேரரசின் காடு. அதே காலத்தில் மெனெலிக் தானும் காப்பி குடிக்கத் தொடங்கியிருந்தார். திருச்சபையின் தலைவர் அபுன மத்தேவோஸ், அது முஸ்லிம்களின் பானம் என்ற குருமாரின் எண்ணத்தைக் களைய முயன்றார். 1880களில் மேட்டுநிலத்தில் காப்பிப் பழக்கம் விறுவிறுவென்று பரவியது. எத்தியோப்பியா என்று இன்று வரைபடத்தில் பார்க்கும் நாடு உருவான அதே வேளையில்தான் அதன் தேசியப் பானமும் உருவானது. காப்பியை வடக்கு கற்றுக்கொண்டது, வென்று சேர்த்துக்கொண்ட மக்களிடமிருந்து. 'பரக்கா' என்ற சொல் அப்படியே தங்கிவிட்டது.

இதைச் சொல்வதால் சடங்கின் மதிப்பு குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஒரு பழக்கம் இவ்வளவு ஆழமாக வேர்விட்டிருக்கிறது என்பதுதான் வியப்பு. சொல்லப்போனால், எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும், அரசியலில் அடிக்கடி ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் அந்த நாட்டில் அம்ஹாராவும் ஒரோமோவும் சிடாமாவும், முஸ்லிமும் கிறிஸ்தவரும், ஏறக்குறைய ஒரே விதமாகச் செய்யும் காரியங்கள் மிகக் குறைவு. குடுவை வைத்துக் காப்பி ஊற்றுவது அவற்றில் ஒன்று.

பேரரசின் காடு ரயிலேறியது. ஜிபூட்டி துறைமுகத்திலிருந்து போட்ட பாதை 1902இல் டிரே தாவாவையும் 1917இல் அடிஸ் அபாபாவையும் எட்டியது. 1936 முதல் 1941 வரை ஆக்கிரமித்திருந்த இத்தாலியர் போகும்போது எஸ்பிரெஸோ இயந்திரத்தையும் மக்கியாத்தோவையும் விட்டுவிட்டுப் போனார்கள். தலைநகரின் பியாஸா பகுதியில் 1953இல் தொடங்கிய தொமோகா கடையில் இன்றும் காப்பியை நின்றுகொண்டே குடிக்கிறார்கள். வீட்டில் ஒரு மணி நேரம், கடையில் இரண்டு நிமிடம். இரண்டுக்கும் சண்டை இல்லை.

காப்பிக்கும் அரசுக்கும் இடையில்தான் ஓயாத சண்டை. 'புன்னா தாபோ நவ்', காப்பிதான் எங்கள் ரொட்டி என்று ஒரு சொலவடை உண்டு. அரசுக்கு அது வேறு விதத்தில் ரொட்டி: நாட்டுக்கு வரும் அந்நியச் செலாவணியில் பெரும்பங்கு, நெடுங்காலம் பாதிக்கும் மேல், காப்பியிலிருந்தே வந்தது. 1974இல் பேரரசர் ஹைலே செலாசியைக் கவிழ்த்த 'தெர்க்' ராணுவ ஆட்சி, மறு ஆண்டே நிலம் முழுவதையும் நாட்டுடைமை ஆக்கியது. நெஃப்தெனியாக்களின் பிடி போனது. அந்த இடத்தில் அரசே வந்து உட்கார்ந்தது. உழவர் இவ்வளவு காப்பியை இந்த விலைக்குத் தந்தாக வேண்டும் என்று அளவு வைத்தார்கள். விலை கட்டுப்படியாகாதவர்கள் எல்லை தாண்டிக் கடத்தினார்கள், அல்லது செடியைப் பிடுங்கினார்கள். ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்து விலையைத் தாங்கிப் பிடித்த பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீடு 1989இல் குலைந்தது. 2001 வாக்கில் உலக விலை அதலபாதாளத்துக்குப் போனது. ஹரார் பக்கத்தில் பலர் காப்பியை வெட்டிவிட்டுக் காத் நட்டார்கள். காத் ஆண்டுக்குப் பல முறை பறிக்கலாம், சோமாலியாவிலும் ஜிபூட்டியிலும் உடனே காசாகும். உலகின் பெயர்பெற்ற காப்பி ஊர்களில் ஒன்றில் இன்றும் சரிவு சரிவாகக் காத் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

விலை கையில் இல்லையென்றால் பெயராவது கையில் இருக்கட்டும் என்று அரசு யோசித்தது. 2005இல் சிடாமோ, ஹரார், யிர்காசெஃபே என்ற மூன்று காப்பி வட்டாரங்களின் பெயர்களையும் வணிகக் குறிகளாகப் பதிந்து தரும்படி அமெரிக்காவில் விண்ணப்பித்தது. சிடாமோ என்ற பெயர் அடங்கிய ஒரு குறிக்கு ஸ்டார்பக்ஸ் நிறுவனம் முன்பே விண்ணப்பித்திருந்தது. அமெரிக்கக் காப்பி வணிகர் சங்கம் எதிர்த்தது. ஆக்ஸ்பாம் என்ற வறுமை ஒழிப்புத் தொண்டு அமைப்பு எத்தியோப்பியாவுக்காகப் பிரசாரத்தில் இறங்கியது. 2007 ஜூனில் ஸ்டார்பக்ஸ் அந்தப் பெயர்களை ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டது. உரிமத் தொகை எதுவும் கிடையாது. கிடைத்தது, பெயர் நம்முடையது என்ற ஒப்புதல். அதுவே பெரிது என்று தோன்றுவதற்குக் காரணம் உண்டு. தென்மேற்கில் கெஷா என்ற இடத்தைச் சுற்றி 1930களில் ஆங்கிலேயர் சேகரித்த விதை கென்யா, டான்சானியா, கோஸ்டாரிகா வழியாகப் பனாமா போய்ச் சேர்ந்தது. 2004இல் அங்கே போட்டியில் வென்று, உலகின் மிக விலையுயர்ந்த காப்பிகளில் ஒன்றானது. ஏலப் பணம் பனாமாவில் நின்றுவிட்டது. அதே 2004இல் பிரேசில் விஞ்ஞானிகள் கஃபீன் அநேகமாக இல்லாத அராபிகாச் செடிகளைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். அவற்றின் விதை 1960களில் எத்தியோப்பியாவிலிருந்து எடுத்துப் போனது.

இன்னொரு பக்கம், அதே காட்டு விதை எத்தியோப்பியாவைக் காப்பாற்றியும் இருக்கிறது. 1971இல் காப்பிக் காயைக் கறுக்கவைத்து உதிர்க்கும் பூஞ்சை நோய் அங்கே நுழைந்தபோது, ஜிம்மா ஆராய்ச்சி நிலையத்தார் மருந்தை மட்டும் நம்பி இருக்கவில்லை. காடுகளிலும் தோட்டங்களிலும் நோய் தாக்காத தாய்ச்செடிகளைத் தேடிப் பிடித்து விதை பெருக்கினார்கள். அந்தத் தேடலுக்குப் போதுமான வகைகள் வேறு எந்தக் காப்பி நாட்டிலும் இல்லை. மற்ற நாடுகளின் அராபிகா பெரும்பாலும் ஏமனிலிருந்து போன ஒரு சில செடிகளின் வம்சம்.

2008இல் தொடங்கிய எத்தியோப்பியப் பண்டகச் சந்தை, அந்த ஆண்டின் இறுதியிலிருந்து அநேகமாக எல்லாக் காப்பியும் தன் வழியே போக வேண்டும் என்ற விதியோடு வந்தது. பொருளாதார அறிஞர் எலனி கப்ரே மதின் அதன் முதல் தலைவர். உழவருக்கு விலை தெரிந்தது, பணம் உடனே வந்தது. ஆனால் மூட்டைகள் தரத்தாலும் வட்டாரத்தாலும் மட்டும் அடையாளம் பெற்றதால், இன்ன கிராமத்துக் காப்பி, இன்ன கூட்டுறவுக் காப்பி என்று தேடி வாங்க விரும்பியவர்களுக்கு வழி அடைபட்டது. பெயருக்காக அமெரிக்காவரை போய் வாதாடிய நாடு, உள்ளூரில் பெயரை அழித்த கதை. 2017இல் நேரடி ஏற்றுமதிக்குக் கதவு திறந்தார்கள்.

இத்தனைக்கும் நடுவில் விளைவதில் ஏறக்குறைய பாதியை எத்தியோப்பியர்களே குடித்துவிடுகிறார்கள். காப்பி விளைவிக்கும் ஏழை நாடுகளில் இது அபூர்வம். பல நாடுகளில் நல்ல கொட்டை கப்பலேறிவிடும், விளைவித்தவர் வீட்டில் டப்பாவில் வந்த உடனடிப் பொடி இருக்கும். அடிஸ் அபாபாவின் கரி அடுப்புகள் அரசின் கணக்குப் புத்தகத்துக்கு உறுத்தல். ஏற்றுமதித் தரக் காப்பியை உள்ளூரில் விற்பது சட்டப்படி தடைசெய்யப்பட்டு, கழித்துக்கட்டிய கொட்டை மட்டுமே நாட்டுச் சந்தைக்கு என்று விதி இருந்தது. மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளூர் விலை பல சமயம் ஏற்றுமதி விலையை மிஞ்சியது. அப்படியும் சில வணிகர்கள் நட்டத்துக்கு ஏற்றுமதி செய்தார்கள், கிடைக்கும் டாலரால் வேறு பொருள் இறக்கி அங்கே லாபம் பார்க்கலாம் என்பதற்காக. 2024 ஜூலை இறுதியில் அரசு பிர் நாணயத்தின் மதிப்பைச் சந்தையிடமே விட்டதும் இந்தக் கணக்கு மாறத் தொடங்கியது.

மாறிக்கொண்டிருப்பது நாணயம் மட்டுமா? பிரிட்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தாரும் எத்தியோப்பிய ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, இன்று காப்பி விளையும் நிலத்தில் 39 முதல் 59 விழுக்காடு, வெப்பம் கூடக்கூட, இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் காப்பிக்கு ஆகாமல் போகலாம். மிக மோசமாக அடிபடக்கூடிய இடங்களில் ஹராரும் ஒன்று. காட்டு அராபிகா ஏற்கெனவே அழியும் நிலையில் உள்ள தாவரங்களின் பட்டியலில் இருக்கிறது. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்கிறது. காப்பியை உயரமான, குளிர்ந்த இடங்களுக்கு நகர்த்தினால், காட்டையும் காத்தால், ஏற்ற நிலம் இப்போதிருப்பதைப் போல நான்கு மடங்கும் ஆகலாம். ஆனால் அந்த உயரத்தில் ஏற்கெனவே வேறு உழவர்கள் இருக்கிறார்கள். சிறு துண்டு நிலம், அதில் வாற்கோதுமை அல்லது மாவுக்காக வளர்க்கும் என்செத் வாழை. நட்ட காப்பி காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அதுவரை அந்த வீட்டில் எதைச் சாப்பிடுவது என்பதற்குக் கியூ தோட்டத்தின் வரைபடத்தில் வண்ணம் இல்லை.